நெடி வராத மிளகாய்

நந்தனத்தில் என்னோடு காலை நடைக்கு வரும் சிநேகிதிகளே, நீங்கள் வாயைத் திறந்தால் முழங்கால், மூடினால் சர்க்கரை. இன்று ஒரு நாளாவது அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள். எத்தனை வருஷமாக என்னை ஒரே கேள்வி கேட்கிறீர்கள், நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று. நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பொய் சொல்லியிருக்கிறேன். ஜாதகம் என்றேன், தம்பியைப் படிக்கவைக்க வேண்டும் என்றேன். ஒருமுறை மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

நேற்று என் தம்பி மகள் வீட்டுக்கு வந்தாள். பதினாறு வயது. கையில் தலையணை அளவுக்கு ஒரு புத்தகம். அட்டையில் இரண்டு பெண்பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள், கோத்த கையிலிருந்து நீலமாகப் புகை கிளம்புகிறது. என்னடி கதை என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் சூனியக்காரிங்க அத்தை. ஒருத்திய ஒருத்தி லவ் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை மயங்கி விழுவாள், முகத்தில் தண்ணீர் தெளிக்கலாம் என்று தயாராக இருந்தாள் போலிருக்கிறது.

"அது கெடக்கட்டும். இன்னா மந்திரம் பண்றாளுங்க?"

நெருப்பை வரவழைப்பார்களாம். பூட்டிய கதவு திறக்குமாம். அவ்வளவுதானா என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இல்ல அத்தை, அதுல ஒரு விஷயம் கீது. ஒருத்தியால தனியா ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டு பேர் கையும் சேந்தாதான் மந்திரமே வரும்."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் புத்தகத்தை எழுதினவருக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?

பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஹவுசிங் போர்டு வீடுகளில் ஒன்றில்தான் நான் வளர்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மாடிக்கு எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் பாதை. எங்கள் கதவைத் திறந்தால் எதிர்வீட்டு அடுப்பு தெரியும், அவர்கள் கதவைத் திறந்தால் எங்கள் மீன் கூடை தெரியும். அம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்றாள். விற்காமல் மிஞ்சின மீனை ஐஸில் போட்டு வைப்பது என் வேலை. அதனால் என் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். எதிர்வீட்டுப் பெண்ணின் கையோ எப்போதும் சுடும். ஜுரமா என்று கேட்டால், "எனக்கு இன்னா ஜுரம், உன் கைதான் பொணம் மாறி கீது" என்பாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். கணக்கில் ஒரு வருஷம் தவறியதால் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். கணக்குக்கு நான் இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

அது ஒரு மழைக்காலம். துணி காயாமல் வீடெல்லாம் ஈர நாற்றம், மண்ணெண்ணெய் வாசம், கடலின் உப்பு. மழையில் நனைந்து நனைந்து, கூவிக் கூவி விற்று, அம்மாவுக்குத் தொண்டை கட்டி ஒரு இருமல் வந்திருந்தது. ஒரு மத்தியானம் அவள் மார்க்கெட்டில் இருக்க, தம்பி அழ ஆரம்பித்தான். அவன் அப்போது கைக்குழந்தை. இன்றைக்கு மகளைப் பெற்று, என் வீட்டுக்கு வந்தால் சோபாவிலேயே தூங்கிப்போகிற அதே தம்பிதான். பால் கொடுத்தாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்து பார்த்தாள்.

"கண்ணு பட்டுக்கீதுடி. சுத்திப் போட்டுருவோம்."

சுற்றிப் போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, முச்சந்தி மண். எல்லாவற்றையும் கைக்குள் பொத்தி, பிள்ளையைச் சுற்றி, நெருப்பில் போட வேண்டும். மிளகாய் கருகி நெடி அடித்து வீடே இருமினால், பிள்ளை மேல் யார் கண்ணும் இல்லை என்று அர்த்தம். நெடியே வராமல் சத்தமில்லாமல் எரிந்துபோனால், கண் இருந்தது, எரிந்து கழிந்தது என்று அர்த்தம். எங்கள் மாடியில் டாக்டர் சொல்வதைக்கூடச் சந்தேகப்படுவார்கள், இதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

யார் சுற்றுவது என்று எங்களுக்குள் சண்டை. நான் மிளகாயை அள்ளினேன், அவள் என் கைமேல் கையை வைத்துப் பிடுங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. அப்படியே இரண்டு பேர் கையும் ஒரே பிடியாகத் தம்பியைச் சுற்றி வந்து, கரி அடுப்பில் போட்டோம். பாவாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடத் தயாராக நின்றோம். மிளகாய் சிவந்தது, கருத்தது. கடுகு வெடித்தது. நெடி மட்டும் வரவேயில்லை. தம்பி ஒரு விக்கல் விக்கிவிட்டுத் தூங்கிப்போனான்.

பெரியவர்களாக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். நாங்கள் விடவில்லை. அடுத்த நாள் நான் மட்டும் தனியாகச் சுற்றிப் போட்டேன், மாடி முழுக்க இருமியது. அவள் மட்டும் தனியாகப் போட்டாள், கீழ்வீட்டுக்காரர்கள்கூடப் படியேறி வந்து திட்டினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து போட்டோம், ஒன்றுமேயில்லை. அடுப்பில் மிளகாய் இருப்பதை மூக்கு நம்பவில்லை. என் ஜில்லென்ற கையும் அவள் சுடுகையும் சேர்ந்தால் மிளகாய் வாயை மூடிக்கொள்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பேசாமல் நடந்துகொண்டிருங்கள்.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும், கதவும் கதவும் இடிக்கிற இடத்தில்? ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். "குட்டிச் சூனியக்காரிங்களா, இத்த கொஞ்சம் பாருங்கடி" என்று பிள்ளையை நீட்டுவார்கள். கேலிதான், ஆனாலும் பிள்ளை அன்றிரவு தூங்கும். பதிலுக்கு வாழைப்பழமோ முறுக்கோ ரிப்பனோ கிடைக்கும். எங்களுக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. முச்சந்தி மண்ணை ஒரு பவுடர் டப்பாவில் நிரப்பி வைத்துக்கொண்டோம். பச்சைத் தகரம், மேலே துளைத் துளையாக மூடி. எத்தனை நாளானாலும் அந்த மண்ணில் ரோஜாப் பவுடர் வாசம் போகவில்லை. எங்கள் சூனியத்துக்கே அந்த வாசம்தான்.

மழை விட்ட சாயங்காலங்களில் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை நடப்போம். ஈர மணலில் அவள் விரலால் தட்டினால் வளைக்குள்ளிருந்து நண்டு எட்டிப் பார்க்கும். நான் தட்டினால் ஒன்றும் வராது, அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். நண்டைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கு முன்பல்லில் சின்ன இடைவெளி. சிரித்தால் அதைக் கையால் மறைப்பாள், நான் கையை விலக்கிவிடுவேன். ஒருநாள் அங்கே உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்.

"படிச்சி முடிச்சிட்டு அப்பால இன்னாடி பண்றது?"

"இதான்."

"இதான்னா?"

"சுத்திப் போடறது."

"யாருக்கு?"

"நீ எனக்கு. நான் உனக்கு."

"மக்கு. நமக்குத்தான் ரெண்டு பேர் கையும் சேந்தாத்தானே ஆவுது. ஒண்டியா சுத்துனா நெடி வந்துருமே" என்றாள். வந்தால் வரட்டும், இருமிக்கொள்ளலாம் என்றேன். சுண்டல் காகிதத்தைக் கசக்கி என்மேல் எறிந்துவிட்டு, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தேங்காயெண்ணெய் வாசம். அவ்வளவுதான் சிநேகிதிகளே, வேறொன்றும் நடக்கவில்லை. அவ்வளவே எனக்கு அன்றைக்கு நெஞ்சு கொள்ளாமல் இருந்தது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சூனியம் என்ற ஒரு பெயர்தான் தெரியும், அதையே வைத்துக்கொண்டோம்.

எதிர்வீட்டு அத்தை, அதாவது அவள் அம்மா, கவனிக்க ஆரம்பித்தாள். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது தானாகச் சிரிக்கிறாள். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே விடைதான். எவனோ ஒருத்தன்! பஸ் ஸ்டாப் பக்கத்தில் கேசட் கடை வைத்திருந்த வாலிபன்மேல் சந்தேகம் விழுந்தது. பாவம், அவன் செய்த குற்றம் பெல்பாட்டம் போட்டது ஒன்றுதான். அத்தை ஒருநாள் ஒரு வாளித் தண்ணீரை அவன்மேல் ஊற்றிவிட்டு, "எம் பொண்ணு பக்கம் திரும்பிப் பாத்தே, அடுத்தது வெந்நீதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எந்தப் பெண் என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு மகளுக்குச் சட்டம் போட்டாள். "இனிமே ஒண்டியா எங்கியும் போவக்கூடாது. ஸ்கூலோ, ரேஷன் கடையோ, எதிர்வூட்டுப் பொண்ணு கூடத்தான் போவணும், வரணும். ராத்திரில படுக்கறதும் அவ பக்கத்துலயே படு." என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, ஒன்ன நம்பித்தான் வுடறேன், அவள வுட்டுக் கண்ண எடுக்காத" என்று கெஞ்சினாள். நான் எடுக்கவில்லை. அப்படி ஒரு வேலையை அதற்குப் பிறகு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

காவல் போட்டும் மகளின் சிரிப்பு குறையாததுதான் வினையாயிற்று. கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அத்தை முடிவாகச் சொல்லிவிட்டாள். மதுராந்தகத்தில் அவள் அண்ணன் வீட்டில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குச் சுற்றிப் போட்டுப் பார்ப்பது. நெடி வந்தால் எவன் கண்ணும் இல்லை, பெண் இங்கேயே இருந்து படிக்கட்டும். நெடி வராவிட்டால் கண் இருக்கிறது, அடுத்த நாளே மதுராந்தகம், தை பிறந்தால் தாலி. யார் சுற்றுவது? மாடியிலேயே கைராசிக்காரி நான்தான். தனக்குத்தானே அவள் சுற்றிக்கொள்ள முடியாது, அதனால் நான் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும்.

அத்தை அப்படிச் சொன்னதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாடிப்படியில் அவளும் என் காதில் அதையே சொன்னாள்.

"ஒண்டியா நீ போட்டா எப்பவும் நெடி வரும்டி. பயப்படாத. எல்லாரும் இருமுவாங்கோ, நான் இங்கியே இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்தாயிற்று. எதிர்வீட்டில் மாடிப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். வெளியே மழை கொட்டியது, அதனால் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்தார்கள். நான் பவுடர் டப்பாவிலிருந்து மண்ணைத் தட்டி, உப்பும் கடுகும் மிளகாயும் சேர்த்து ஒற்றைக் கையில் பொத்தினேன். மிளகாய் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டேன். அவளைச் சுற்றும்போது அத்தை பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தாள், ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, கொள்ளிக் கண்ணு எல்லாம் எரிஞ்சி போவணும் என்று. நானும் திருப்பிச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் சிரித்தாள், பல் இடைவெளி தெரிய. நான் அடுப்பில் போட்டேன்.

உப்பு படபடவென்று பொரிந்தது. மிளகாய் சிவந்தது, கருத்தது. நெடி வரவில்லை.

குனிந்து முகர்ந்தேன். கரி வாசம்தான். ரோஜாப் பவுடர் வாசம்கூட வந்தது, மிளகாய் நெடி இல்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தையின் முகம் இறுகியது. தனியாகத்தானே சுற்றினேன், எப்போதும் வருமே என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மிளகாய் பொய் சொல்லவில்லை. அவள்மேல் கண் இருந்தது. விடிந்ததிலிருந்து படுக்கிறவரை, அவள் சாப்பிடும்போது, எழுதும்போது, தூங்கும்போது, ஒரு நிமிஷம் எடுக்காமல் அவள்மேல் இருந்த ஒரே கண் யாருடையது? அவளும் புரிந்துகொண்டாள். சிரிப்பு போய், என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. அவள் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கதவு திறந்தது. அம்மா. மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து தலையில் கூடையோடு நின்றாள், புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உடனே இரும ஆரம்பித்தாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு, தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு இருமல்.

"அய்ய, இன்னா நெடிடி இது! தொண்டைய புடிக்கிது, கண்ணு எரியிது, கதவ சாத்திக்கினு எப்டிதான் குந்திக்கினு கீறீங்களோ!"

மூலையில் நின்ற ஒருத்தி ஒரு செருமல் செருமினாள். "ஆமாங்கா, எனக்கும் கமறுது." இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கு செத்தவள் என்ற பெயரெடுக்க யாருக்கு ஆசை? கொஞ்ச நேரத்தில் வீடே இருமியது. கடைசியில் அத்தையும் இருமினாள். அவள் நிஜமாகவே அழுதுகொண்டும் இருந்தாள். மகளைக் கட்டிப்பிடித்து, "எவன் கண்ணும் இல்ல தாயி, எம் பொண்ணு தங்கம்" என்றாள். மதுராந்தகத்துப் பேச்சு அதோடு போயிற்று.

மழையில் வந்தவளுக்கு இருமல் வந்தது, எங்கள் நல்ல காலம் என்று நான் நினைத்தேன். அம்மாவுக்கு அந்த வருஷம் இருமல் இருந்ததே. அவள் நாளெல்லாம் மீனோடு மல்லுக்கட்டுகிறவள், இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதிக் கதை சின்னது. நான் டெலிபோன் ஆபீசில் சேர்ந்தேன். அவள் தி.நகரில் ரவிக்கை தைத்தாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அவளுக்குத் தலைசுற்றல் வரும், எனக்கு ராகு வரும். வேளச்சேரியில் வீடு பார்த்துக்கொண்டு போனோம். வெள்ளம் வந்த வருஷம் கீழ்த்தளம் முழுகி, பவுடர் டப்பா போயே போயிற்று. இரண்டு பேரும் அதற்காக உட்கார்ந்து அழுதோம், ஃபிரிட்ஜ் போனதற்குக்கூட அப்படி அழவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நந்தனத்துக்கு வந்தோம். ஆமாம், நீங்கள் "உங்க அக்கா போட்ட பூண்டு ஊறுகாய்" என்று கேட்டு வாங்குகிறீர்களே, அவள் என் அக்கா இல்லை. என் வீட்டில் சாப்பிட வந்தபோது, எதிரே மிளகாய் வறுபட, "உங்க சிம்னி நல்லா இழுக்குது" என்று பாராட்டினீர்களே, எங்கள் வீட்டில் சிம்னியும் இல்லை.

கடைசிக் காலத்தில் அம்மா எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் ஊறுகாய்க்காரி உள்ளே இட்லிப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். எதிர் ஃபிளாட் மாமி ஏதோ கேட்க வந்தவள் வாசலிலேயே நின்று, "என்ன இது, இவ்வளவு மிளகாய் வறுபடறது, நெடியே காணோமே!" என்று ஆச்சரியப்பட்டாள். கூடத்து நாற்காலியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்காமலே தலைப்பை எடுத்து மூக்கில் வைத்து, "தாங்கலமா, தொண்டைய புடிக்கிது" என்று இருமினாள். மாமி போனதும் தலைப்பை இறக்கிவிட்டுத் திரும்பவும் சாய்ந்துகொண்டாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். மீன் வாசம் எப்போதோ போய்விட்டிருந்த அந்தக் கையால் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நேற்று தம்பி மகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே அடுப்படிக்குப் போனாள். அங்கே மோர்மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"அத்தை, ஏன் உங்க வீட்ல மட்டும் நெடியே வர மாட்டேங்குது?"

அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் நான் இருந்தேன். தலைப்புக்குக் கை போயிற்று. பிறகு அந்தப் பிள்ளையையும், அவள் கையிலிருந்த புத்தக அட்டையையும் பார்த்தேன். தலைப்பை விட்டுவிட்டேன்.

"அடுப்படில கீறாளே, அவமேல கண்ணு கீதுடி" என்றேன்.

"யார் கண்ணு?"

"என்னுதுதான்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அவள் சிரிப்பது கேட்டது.